முகம் பொருந்தவில்லை

எங்கள் மண்டலத்திலேயே ரொக்கப் பணத்தை முதன்முதலில் ஒழித்துக்கட்டிய ஊர் நாவல்மேடு. நான் சொல்லவில்லை, ஊர் முகப்பில் நிற்கிற பலகை சொல்கிறது. தெலுங்கில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம் சொல்கிறது. ஊரில் இருக்கிற நூற்றுப்பத்து வீடும் தமிழ் வீடு என்பதால் தமிழில் சொல்லவில்லை.

பலகையை நட்டது சர்வரட்சா வங்கி. நட்ட அன்று விழாவும் எடுத்தார்கள். மேடையில் ஒரு தாம்பாளம், தாம்பாளத்தில் குங்குமம் தடவிய கத்தரிக்கோல். ஊர்க்காரர்கள் வரிசையாகப் போய் அவரவர் ஏ.டி.எம். கார்டை இரண்டாக வெட்டிப் பித்தளை அண்டாவில் போட வேண்டும். வெட்டியவருக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட், வெட்டாதவருக்கு ஒரு மணி நேர அறிவுரை. பாஸ்புக்குகளையும் மூட்டையாகக் கட்டி ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். திருப்பதிக் கிளை மேனேஜர் சந்திரசேகர் மைக்கைப் பிடித்து, "இனிமே உங்க பணத்துக்குப் பூட்டு உங்க மூஞ்சிதான். மூஞ்சிய யாராவது திருட முடியுமா?" என்று கேட்டார். முடியாதுதான். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த மாதமே ஊரில் இருந்த சின்ன ஆபீசை மூடினார்கள். பூட்டு அவரவர் கழுத்துக்கு மேலே இருக்கும்போது ஆபீஸ் எதற்கு?

அன்று நீல பக்கெட் வாங்கியவர்களில் பாலையா ஒருவர். வயது நாற்பத்தாறு. அவருடைய அப்பன் காலத்தில் கையளவு நிலம் கிடையாது. பாலையாவுக்குச் சர்க்கார் எண்பது சென்ட் கொடுத்தது. அதில் இருபத்திரண்டு மாமரம் வைத்தார். காய்ப்பு இல்லாத மாதங்களில் கல் உடைக்கிற இடத்துக்குக் கூலிக்குப் போவார். ஜூஸ் பேக்டரிக்காரன் மாங்காய்ப் பணத்தை நேராக வங்கிக்கணக்கில் போட்டுவிடுவான். வருஷம் பூராவும் சேர்த்து அதில் நாற்பத்தோராயிரம் இருந்தது. அந்தப் பணத்தை அவர் டீக்குக் கூடத் தொடவில்லை. அது மகள் சுமித்ராவின் நர்சிங் படிப்புக்கு.

சனிக்கிழமை மத்தியானம் லிஸ்ட் வந்தது. ரேணிகுண்டா ரோட்டில் இருக்கிற நர்சிங் காலேஜில் ஒரே ஒரு சீட் காலி, அது சுமித்ராவுக்கு. திங்கட்கிழமை நாலு மணிக்குள் முப்பத்திரண்டாயிரம் கட்டிக் கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் சீட் அடுத்த நம்பருக்குப் போய்விடும். பாலையா அந்த இடத்திலேயே திருமலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார். சீட்டு கிடைத்தால் முடி கொடுக்கிறேன் என்று ஆறு மாதமாக வேண்டிக்கொண்டிருந்தார்.

"நைனா, மொதல்ல பீஸ் கட்டிடலாம். அப்பால மலைக்குப் போலாம்," என்றாள் சுமித்ரா.

"சாமிய காக்க வெக்கச் சொல்றியா? அவரு கேட்டத உடனே குடுத்துட்டாரு, நான் மட்டும் அப்பால பாக்கலாம்னு சொல்றதா? பணம் எங்க ஓடிடப் போவுது, போன்லதானே கீது."

நம் பக்கத்து மனுஷன் வேறு எப்படிப் பேசுவான்? சாமி கடனை முதலில் முடிப்பதுதான் மரியாதை. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய், மொட்டை போடுகிற கல்யாணகட்டையில் உட்கார்ந்து, தலையையும் தாடியையும் இருபத்தைந்து வருஷத்து மீசையையும் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்காரி மணியம்மா, "இன்னாய்யா, கொழந்த மாதிரி கீற!" என்று சிரித்தாள். அந்த வீட்டில் கடைசியாகக் கேட்ட சிரிப்பு அது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அப்பனும் மகளும் காலேஜ் ஆபீசில் நின்றார்கள். வகுப்பு ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டதால் அன்றைக்கே ஹாஸ்டலில் சேர வேண்டும். சுமித்ரா துணிப்பையோடு வந்திருந்தாள். கவுன்டரில் இருந்தவர் வெங்கடலட்சுமி என்கிற கிளார்க் அம்மா. "ரொக்கம் பெற மாட்டோம்" என்று எழுதியிருந்த அட்டையை விரலால் தட்டிக் காட்டிவிட்டு, ஸ்கேன் செய்கிற கட்டத்தை நகர்த்தி வைத்தார். சுவரோரம் பெஞ்சில் ஒரு ஆளும் அவர் மகளும் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்தான் அடுத்த நம்பர். அந்த ஆள் நல்லவர்தான், ஆனாலும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலையா ஸ்கேன் பண்ணினார். தொகை போட்டார். போனில் வங்கியின் அம்மணி குரல் தேனாக வந்தது. "பெரிய தொகை என்பதால் உங்கள் பாதுகாப்புக்காக முகத்தைக் காட்டவும். கண் சிமிட்டவும். இடது பக்கம் திரும்பவும். நன்றி. முகம் பொருந்தவில்லை."

மறுபடி காட்டினார். வெளிச்சத்துக்கு வந்து காட்டினார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு காட்டினார். சுமித்ரா கண்மையை எடுத்து மூக்குக்குக் கீழே ஒரு மீசை வரைந்துவிட்டாள். அதையும் காட்டினார். "நீங்கள் பாலையா அல்ல. பாலையா அவர்களின் பணத்தைப் பாதுகாக்கக் கணக்கு பூட்டப்பட்டது. அருகிலுள்ள கிளையை அணுகவும்," என்று சொல்லிவிட்டு அம்மணி வாயை மூடிக்கொண்டாள்.

"நாலு மணி வரைக்கும்தான் இருப்பேன்," என்றார் வெங்கடலட்சுமி. "பிரின்சிபால் ஸ்ட்ரிக்ட்."

வங்கிக் கிளை திருப்பதி பஸ் ஸ்டாண்ட் பக்கம். ஷேர் ஆட்டோக்காரன் ஏறும்போதே ஸ்கேன் பண்ணச் சொன்னான், இறங்கிவிட்டார்கள். கையில் சில்லறை? நாவல்மேட்டில் காசு என்று ஒன்றைக் கண்டே எட்டு மாதம் ஆகிறது. காலையில் பஸ்ஸுக்குக்கூட போனில்தான் கட்டினார்கள். வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வழியில் தாகத்துக்கு ஒரு கடையில் தண்ணீர் கேட்டார் பாலையா. கடைக்காரர் பாட்டிலையும் ஸ்கேன் அட்டையையும் ஒன்றாக நீட்டினார். பாட்டிலைத் தொடாமல் திரும்பி வந்தார். "தாகம் இல்லமா," என்று மகளிடம் சொன்னார். அவள் அவர் உதட்டைப் பார்த்தாள்.

கிளைக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. குளுகுளுவென்று ஏசி. நாற்காலிகளில் முப்பது பேர் இருந்தார்கள், அத்தனை பேரும் மொட்டை. சிலருக்குச் சந்தனம் காயவில்லை, சிலருக்கு முள்முள்ளாக முளைத்திருந்தது, ஒருவருக்குச் சீப்பு வைக்கிற அளவுக்கு வந்திருந்தது. திருப்பதியில் கிளை வைத்துக்கொண்டு தலைமுடியைப் பூட்டுக்குச் சாவியாக்கிய வங்கியை நான் குறை சொல்ல வரவில்லை. தொலைநோக்கு என்பது எல்லோருக்கும் உடனே புரிவதில்லை.

பக்கத்து நாற்காலிக்காரர் நகர்ந்து இடம் விட்டார். பெயர் சிட்டிபாபு. தள்ளுவண்டியில் தோசை போடுகிறவர்.

"நேத்தா மொட்ட?" என்றார்.

"ஆமாங்க."

"பாவம். எனக்கு இது ஏழாவது வாரம். ஜனங்க தோச துன்னுட்டு ஸ்கேன் பண்றாங்க, பணம் டங்கு டங்குனு உள்ள போவுது. உள்ள போறதுக்கு மூஞ்சி கேக்கறது இல்ல, வெளிய வர்றதுக்குத்தான் கேக்குது. கேஸ் சிலிண்டருக்குக் கடன் வாங்கிக்கினு கீறேன்."

"விக்கு கிக்கு வெச்சா?"

"ஒருத்தர் வெச்சிக்கினு வந்தாரு. மெஷினு ஒத்துக்கிச்சு. ஆனா வேற ஒரு கஸ்டமர்னு ஒத்துக்கிச்சு. அந்தக் கஸ்டமர் பணத்தயும் குடுத்துடுச்சு. மேனேஜரு, தொண்ணுத்தொம்பது பர்சென்ட் பொருந்துச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு."

பாலையாவின் முறை வந்தபோது மணி ஒன்றேமுக்கால். கவுன்டரில் பிரமிளா என்கிற அதிகாரி. மற்ற வங்கிகளில் பேனாவை நூலில் கட்டி வைத்திருப்பார்கள், இங்கே ஸ்கேலைக் கட்டி வைத்திருந்தார்கள். அந்தம்மா எழுந்து பாலையாவின் உச்சந்தலையில் ஸ்கேலை நிறுத்திக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, 'மொட்டை வாடிக்கையாளர் முன்னேற்றப் பதிவேடு' என்கிற நோட்டில் பூஜ்யம் என்று எழுதினார்.

"நாலு சென்டிமீட்டர் வரணும். வாரா வாரம் திங்கக்கெழமை அளப்போம். உங்க வயசுக்கு நாலு மாசம் ஆவும். மீசைக்குத் தனி பாரம்."

"அம்மா, இன்னிக்கி நாலு மணிக்குள்ள பீஸ் கட்டணும்மா. என் பொண்ணு படிப்பு."

"சீக்கிரம் வளர்றதுக்குக் கருவேப்பில துன்னுங்க," என்றார் பிரமிளா, உண்மையான அக்கறையோடு.

பாலையா ஆதார் கார்டை எடுத்து வைத்தார். அதிலும் மீசை இருந்தது. கைரேகை வைக்கிறேன் என்றார். கல் உடைத்த கையில் ரேகை எங்கே இருக்கிறது? அதுவும் போக, ரேகை பழைய முறையாம். சுமித்ரா பொறுக்க முடியாமல் கவுன்டரில் கையை ஊன்றினாள்.

"இவரு என் நைனாங்க. பொறந்ததுலருந்து பாக்கறேன். நான் சாட்சி சொல்றேன், எங்க வேணா எழுதித் தரேன்."

"சொந்தக்காரங்க சாட்சி செல்லாதும்மா. மேனேஜர் சாரைப் பாருங்க."

மேனேஜர் சந்திரசேகர் சித்தூர்க்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். பெருமைப்பட வேண்டிய விஷயம் வந்தால் மட்டும் தெலுங்குக்குத் தாவுவார். அவர்கள் உள்ளே போனபோது மேஜை டிராயரிலிருந்து ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்து அட்டெண்டரிடம் கொடுத்து, "ரெண்டு டீ. ரொக்கமா குடு, போன்ல கட்டினா அவன் லேட் பண்ணுவான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பாலையா எல்லாவற்றையும் சொன்னார். சாமி, மொட்டை, சீட், நாலு மணி. சொல்லும்போது கை தானாகக் கும்பிட்டுவிட்டது. மேனேஜர் கண்ணை மூடிக் கேட்டார்.

"சூடண்டி, பாருங்க. மூணு வருஷமா நம்ம கிளையில ஒரு மோசடி கூட நடக்கல. இந்த மாநிலத்திலேயே நம்பர் ஒன். எப்படி? யாரும் பணத்தை எடுக்கறதில்ல. திருடனாலயும் எடுக்க முடியாது, கஸ்டமராலயும் எடுக்க முடியாது. இதுக்கு மேல பாதுகாப்பு உலகத்துல எங்க இருக்கு? பாலையா அவர்களோட பணத்தை நான் என் பணம் மாதிரி பாத்துக்கறேன்."

"நான்தாங்க பாலையா."

"அது உங்க கருத்து. சிஸ்டம் ஒத்துக்கல."

"எங்க ஊருக்கு வந்தீங்களே சார், விழாவுல எனக்கு நீல பக்கெட் குடுத்தீங்களே. உங்க கையாலதான் குடுத்தீங்க."

மேனேஜர் அவரை உற்றுப் பார்த்தார். ஒரு நொடி அவர் முகத்தில் அடையாளம் தெரிந்த மாதிரிதான் இருந்தது. உடனே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"மனுஷன் மனுஷனை அடையாளம் சொல்றதுல தப்பு வரும்னுதான் மெஷினே வெச்சோம். இப்ப நான் உங்களை அடையாளம் சொன்னா, கோடி ரூபா மெஷின் எதுக்கு? எனக்கு மெமோ வரும்."

மணி இரண்டே கால். சுமித்ரா அழ ஆரம்பித்திருந்தாள். சத்தம் இல்லாமல், பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே அழுதாள். பாலையா கையிலிருந்த போனைப் பார்த்தார். இந்தப் பிள்ளை ராத்திரி பகலாகப் படித்த படிப்பு, இருபத்திரண்டு மரம், கல்லுடைத்த கை, எல்லாம் அந்தப் போனுக்குள் இருக்கிறது. போன் அவர் கையில்தான் இருக்கிறது. இதைவிட ஒரு கொடுமை உண்டா? அதைத் தரையில் போட்டு உடைக்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

"சார், காலுல விழறேன். வேற வழியே இல்லியா?"

காலில் விழுவதை மேனேஜர் அனுமதிக்கவில்லை, மரியாதை தெரிந்தவர். ஆறுதலாக நாற்காலியைக் காட்டினார்.

"நம்ம வங்கிய கல் நெஞ்சுன்னு நினைக்காதீங்க. கஸ்டமர் கஷ்டத்துல கூட நிக்கறதுல எங்களை அடிச்சிக்க ஆள் இல்ல. உதாரணத்துக்கு, கஸ்டமர் இறந்துட்டார்னு வைங்க. அந்தக் குடும்பம் அலையக் கூடாதுன்னு 'ஆறுதல் எக்ஸ்பிரஸ்'னு ஒரு சேவை வெச்சிருக்கோம். அம்பதாயிரத்துக்குள்ளன்னா டெத் சர்டிபிகேட் கூட வேண்டாம். நாமினி ஒரு கையெழுத்து, கணக்கு இருக்கற ஒருத்தர் சாட்சி. ஒரு மணி நேரத்துல பணம். நேரா காலேஜுக்கே கூட அனுப்புவோம்."

சொல்லி முடித்துவிட்டு டீ குடித்தார். பாலையா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அதுக்கு மூஞ்சி காட்ட வேணாமா?"

"இறந்தவர் எப்படி கண் சிமிட்டுவாரு? நாமினி மூஞ்சி போதும்."

"எனக்கு நாமினி யாருங்க?"

"உங்களுக்குன்னு கேக்காதீங்க. பாலையா அவர்களுக்கா?" கம்ப்யூட்டரைத் தட்டினார். "சுமித்ரா. மகள்."

போனில் கணக்கை ஏற்றியது சுமித்ராதான். அன்று யார் பெயர் போடட்டும் என்று கேட்டபோது, உன் பெயரையே போடு என்று அவர்தான் சொன்னார். அப்போதே அவள் முகத்தையும் போன் பதிந்துகொண்டது.

"அப்ப அப்படிப் பண்ணிடலாங்க," என்றார் பாலையா.

"நைனா!" என்று கத்திவிட்டாள் சுமித்ரா. "இன்னா பேசற நீ?"

மேனேஜர் பதறவில்லை. "என்னைக் கேட்டா, விதிப்படி தப்பே இல்ல. நீங்க பாலையான்னு சிஸ்டம் ஒத்துக்கல. அப்ப பாலையா இங்க இல்ல. இல்லாத ஒருத்தர் இறந்துட்டாருன்னு அவரோட சொந்த மகள் எழுதிக் குடுத்தா, இல்லன்னு சொல்றதுக்கு நீங்க யாரு?"

"என் நைனா உசுரோட கீறாருன்னு சொன்னேனே, அப்ப சாட்சி செல்லாதுன்னீங்களே!"

"உயிரோட இருக்காருன்னு சொன்னா செல்லாது. இறந்துட்டாருன்னா செல்லும். பாரத்துல அப்படித்தான் இருக்கு." பிறகு, மறைத்தோம் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாதல்லவா, அதனால் சொன்னார். "ஒரு வசதியும் இருக்கு. எல்லா டிபார்ட்மென்டும் ஒண்ணா சேத்தாச்சு. ஒரு இடத்துல இறந்தா எல்லா இடத்துலயும் தானா இறந்துடலாம். ரேஷன், பட்டா, வேலை அட்டை, ஓட்டு, ஆபீஸ் ஆபீஸா அலைய வேண்டியதே இல்ல. சால சௌகரியம்!"

"மறுபடி உசுரு வரணும்னா?"

"அதுக்கு இன்னும் பட்டன் வைக்கல. அடுத்த அப்டேட்ல எதிர்பாக்கறோம்."

சுமித்ரா பாரத்தைத் தொட மாட்டேன் என்றாள். சீட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஊருக்குப் போய்க் கூலிக்குப் போகிறேன் என்றாள். பாலையா அவளை ஓரமாகக் கூட்டிப் போனார். மணி இரண்டு ஐம்பது.

"கண்ணு, இங்க பாரு. நான் எங்கயும் போவல. உன் எதுக்காலதான் நின்னுகினு கீறேன். காயிதத்துலதானே?"

"ரேஷன் போயிடும் நைனா. நெலம் போயிடும்."

"நீ படிச்சி வேலைக்கிப் போனா எனக்கு ரேஷன் எதுக்கு? நீ சோறு போட மாட்டியா? கல்லு ஒடைக்கிற எடத்துல ஆளு உசுரோட கீறானான்னு எவனும் கேக்க மாட்டான். எழுது கண்ணு. காலேஜுல அந்த பெஞ்சில ஒக்காந்துகினு கீற ஆளு கடியாரத்த பாத்துகினே கீறான். எனக்கு வயிறு எரியுது. எழுது."

அவள் எழுதினாள். இறந்தவர் பெயர், உறவு, இறந்த தேதி. தேதிக்குப் பேனா நின்றுவிட்டது. சனிக்கிழமை வரைக்கும் மெஷினுக்கு அவரைத் தெரிந்திருந்தது. "ஞாயித்துக்கெழமன்னு போடு," என்றார் பாலையா. மரணத்துக்குக் காரணம் என்கிற இடத்தில் நோய், விபத்து, வயோதிகம், மற்றவை என்று நாலு கட்டம் இருந்தது. மற்றவை என்பதில் குறி போட்டாள். கண்ணீர் விழுந்து கையெழுத்து கரைந்ததால் பிரமிளா வேறு பாரம் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னார். இரண்டாம் முறை எழுதும்போது அவள் அழவில்லை. அதைப் பார்க்கத்தான் பாலையாவால் முடியவில்லை.

சாட்சிக்குச் சிட்டிபாபுவைக் கூப்பிட்டார்கள். அவர் பாரத்தைப் படித்தார், பாலையாவைப் பார்த்தார், மறுபடி படித்தார்.

"நல்ல மனுஷன்," என்றார். "எனக்குத் தெரிஞ்சி மூணு மணி நேரமா நல்ல மனுஷன்." கையெழுத்துப் போட்டார்.

சுமித்ரா மெஷின் முன்னால் நின்றாள். கண் சிமிட்டினாள். இடது பக்கம் திரும்பினாள். "முகம் பொருந்தியது. உங்கள் இழப்பில் பங்கு கொள்கிறோம்," என்றது அம்மணி குரல். மணி மூன்று முப்பத்தைந்து. இனி ஒரு பட்டன்தான் பாக்கி. பிரமிளா பட்டன் மேல் விரலை வைத்தார். மேனேஜர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம் மௌனம். அது விதி."

ஆறுதல் எக்ஸ்பிரஸில் அதுவும் ஒரு அங்கம். ஊழியர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். முப்பது மொட்டை வாடிக்கையாளர்களும் எழுந்தார்கள். தலை குனிந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் பாலையாவும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்தார். சுவர்க் கடிகாரம் மட்டும் சத்தம் போட்டது. நாற்பது நொடி ஆனபோது அட்டெண்டர் தும்மிவிட்டார். மேனேஜர் முறைத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். ஐயோ, அந்த இரண்டாவது நிமிஷம் போன போக்கை எழுத என்னால் ஆகாது. சுமித்ரா உதட்டைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தாள். பெத்த அப்பனுக்கு மௌனம் அனுசரிக்கும்போது மணி பார்க்கிறாளே என்று ஒரு அம்மாள் முகம் சுளித்தாள்.

பட்டனை அழுத்தினார்கள். முப்பத்திரண்டாயிரம் காலேஜுக்குப் போனது. மிச்சப் பணம் நாமினி பெயரில் பதினைந்து நாளில் வருமாம். பாலையாவின் சட்டைப் பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தார். 'அன்புள்ள பாலையா அவர்களே, தங்கள் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். எங்கள் சேவையில் திருப்தியா? ஐந்து நட்சத்திரத்தில் மதிப்பிடவும்.'

சிட்டிபாபு வாசலில் மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார். "ஏறுங்க, ஏறுங்க!" மூன்று பேரும் ஒரு பையும் அதில் எப்படி உட்கார்ந்தார்கள் என்று கேட்காதீர்கள், உட்கார்ந்தார்கள். ரேணிகுண்டா ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அவர் ஓட்டிய வேகத்தில் பாலையா நிஜமாகவே போயிருக்க வேண்டியது. காலேஜ் ஆபீசுக்குள் ஓடியபோது மூன்று ஐம்பத்தேழு. பெஞ்சுக்கார ஆள் எழுந்து கவுன்டர் பக்கம் நாலு அடி வைத்திருந்தார். அவர்களைப் பார்த்ததும் அங்கேயே நின்றார். பிறகு மகளின் தோளைத் தட்டி, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வெங்கடலட்சுமி திரையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஐயோ, பணம் இறந்தவர் கணக்குலருந்து வந்திருக்கே. தகப்பனாரா? எப்பம்மா?"

சுமித்ரா பாலையாவைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம," என்றார் பாலையா.

"நேத்தா! நேத்து காரியம், இன்னிக்கி பீஸு. என்ன வைராக்கியம்டா இந்தப் பொண்ணுக்கு!" அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனசு இருக்கிறவர்தான். காலையில் வந்த ஆளை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. காலையில் கண்மை மீசை இருந்தது. இப்போது வேர்வையில் அதுவும் போய்விட்டது. பாலையாவின் மொட்டைத் தலையைப் பார்த்துத் தானாகவே புரிந்துகொண்டார். "நீங்க அவருக்குத் தம்பியா?"

சுமித்ரா நிமிர்ந்தாள். சொல்லிவிடப் போகிறாள் என்று பாலையாவுக்குத் தெரிந்தது. சொன்னால் பணம் திரும்பிப் போகும், சீட் போகும். அவள் உதடு பிரிவதற்குள் முந்திக்கொண்டார்.

"ஆமாம்மா. தம்பிதான். தொணைக்கு வந்தேன்."

பாரத்தில் தகப்பன் பெயருக்கு முன்னால் 'லேட்' என்று எழுதினார்கள். சுமித்ரா கையெழுத்துப் போட்டாள். நாலு மணிக்கு மணியடித்தது. ஹாஸ்டல் அட்டையை நிரப்பும்போது வெங்கடலட்சுமி விதியைச் சொன்னார். மாதத்துக்கு ஒரு ஞாயிறு பார்க்க வரலாம். தாய் தகப்பன் மட்டும். தகப்பன் இல்லாததால் தாய் மட்டும். சித்தப்பா, பெரியப்பா, மாமா யாருக்கும் அனுமதி கிடையாது, பெண் பிள்ளைகள் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

"எத்தினி வருசத்துக்குமா?" என்று கேட்டார் பாலையா.

"நாலு வருஷம் கோர்ஸ்."

ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே அவரை நிறுத்திவிட்டார்கள். பையை அவள் கையில் கொடுத்தார். அவள் ஊருக்கு எப்படிப் போவாய் என்று கேட்டாள். சிட்டிபாபு வண்டியில் இன்றைக்கு மாவாட்டிக் கொடுத்தால் பஸ்ஸுக்குக் கொடுப்பாராம், நீ அதைப்பற்றி நினைக்காதே என்றார். அவள் அவர் கையை விடவில்லை. வாட்ச்மேன் மணியாச்சு என்றான். போனாள்.

உள்ளே கொஞ்ச தூரம் போனதும் திரும்பி, வராந்தாவில் நின்ற அத்தனை பெண்களுக்கும் கேட்கிற மாதிரி, "நைனா! பத்திரமா போ நைனா!" என்று கத்தினாள்.

வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தான். வெங்கடலட்சுமி ஆபீஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பாலையாவும் சட்டென்று திரும்பி, அந்தப் பெண் யாரைக் கூப்பிடுகிறாள் என்று பார்ப்பவரைப் போல, காலியாகக் கிடந்த ரோட்டைப் பார்த்தார்.